ஒரு சுரம் இறங்கிய இரண்டு கம்பிகள்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த அப்துல் முத்தலிப், தம் கடிகாரக் கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கத் தபால்காரர் மண்ணாங்கட்டிக்கு உள்ளங்கால் அரித்தது. மொத்தம் ஆறு பலகைகள். அதில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன.

“பாய், பலகை எங்கயும் ஓடிப் போவாது. இந்தப் பொண்ணு சொல்றத முதல்ல கேளுங்க. திங்கக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணலைன்னா இதோட படிப்பு அம்போ!”

“கேக்கறேன். முதல்ல அத உக்காரச் சொல்லுங்க” என்றார் முத்தலிப், ஐந்தாவது பலகையைத் தூக்கியபடி.

முப்பது வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை எழுதிய கை அது. வெள்ளைக்காரக் கொடி இறங்கி மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவர் பழைய மார்க்கெட்டுப் பக்கம் கடிகாரம் பழுது பார்க்க உட்கார்ந்தார். ஆனால் ஜனங்கள் கடிகாரத்தோடு சேர்த்துத் தங்கள் வீட்டுச் சிக்கல்களையும் அந்த மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். மண்ணாங்கட்டி அவருக்குத் தானாகவே வந்து ஒட்டிக்கொண்ட உதவியாள். ரெட்டியார்பாளையத்தில் அவர் அறியாத வாசற்படி கிடையாது. பழைய ஆட்கள் தபால்காரரை இன்னும் ‘ஃபக்தேர்’ என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுவார்கள். இதுவரை நான்கு விவகாரங்களில் குற்றவாளி இன்னார் என்று முதல் ஆளாகச் சொன்னவர் அவர்தான். நான்கிலும் தப்பாகச் சொன்னார்.

வந்திருந்த பெண் சுலோசனாவுக்கு இருபத்தொரு வயது. பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அவள் இடது கை விரல்கள் சும்மா இருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பில் எதையோ வாசித்துக்கொண்டே இருந்தன.

அவள் பிரான்சில் ஒரு சங்கீதக் கல்லூரியில் செல்லோ படிப்பவள். உருவத்தில் வயலினுக்கு அண்ணன் போலிருக்கும் அந்த வாத்தியத்தை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். இரண்டாம் வருஷக் கடைசியில் மஞ்சள் காமாலை வந்து அவள் பரீட்சை எழுத முடியாமல் ஊர் திரும்பிவிட்டாள். கல்லூரி இரக்கப்பட்டு ஒரு வழி செய்திருந்தது. சைகோனுக்குப் போகும் அவர்களுடைய பரீட்சகர் ஒருவர் வழியில் புதுச்சேரியில் இறங்குகிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் முன்னால் வாசித்துக் காட்டினால் மூன்றாம் வருஷமும் உதவித்தொகையும் நிச்சயம். தவறினால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே மண்ணாங்கட்டிதான். அதனால் அந்தப் பரீட்சை தம்முடையது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாளா யாரோ என் செல்லோவில கை வெக்கிறாங்க, பாய்” என்றாள் சுலோசனா. “மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டுக்குப் போவேன். அங்க பியானோவில பாடம். செல்லோ வீட்லதான் இருக்கும். நாலரைக்கு வந்து பெட்டியத் திறந்தா ரெண்டு கம்பி இறங்கி இருக்குது. தினமும் நான் ஏத்தறேன், மறுநாள் பார்த்தா மறுபடி இறங்கி இருக்குது.”

“எந்த ரெண்டு?”

“மெலிசா இருக்கிற ரெண்டும். தடிச்ச ரெண்டையும் யாரும் தொடறதில்ல.”

“எவ்வளவு இறங்குது?”

அவள் பிரெஞ்சுச் சுரப் பெயர்களோடு வாய்விட்டே பாடிக் காட்டினாள். “நாலு கம்பிக்கும் சுரம் இது: தோ... சொல்... ரே... லா. ஆனா நான் வந்து பாக்கும்போது தோ, சொல், தோ, சொல்-னு இருக்குது. ரெண்டு கம்பியும் சரியா ஒரு சுரம் கீழ. பத்து நாளும் அதேதான்.”

இரண்டாவது தடவை அவள் பாடியதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது மண்ணாங்கட்டிக்கு. எங்கே என்று யோசிக்கத்தான் அவருக்குப் பொறுமை இல்லை. “உப்புக் காத்து பாய்! கடல்காத்து பட்டா கதவே உப்பிக்குது, கம்பி எம்மாத்திரம்?” என்று முந்திக்கொண்டார்.

முத்தலிப் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “வில் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“வில்லு எப்பவும் போல தளர்த்தித்தான் இருந்துச்சு. ஆனா நான் மூணு சுத்து தளர்த்துவேன், இது ரொம்பத் தளர்ந்து மயிர் தொங்கிகினு இருந்துச்சு.”

“தளர்த்தாம விட்டா என்ன ஆவும்?”

“குச்சி கோணிக்கும். வில்லு பிடிச்சவங்க தூக்கக் கலக்கத்துல கூடத் தளர்த்திட்டுத்தான் வெப்பாங்க.” அவள் கையை உதறினாள். “வில்லு கெடக்குது பாய். இப்படித் தினமும் ஏத்தி எறக்கி, செவ்வாக்கிழமை லா கம்பி அறுந்துச்சு. அது ஆட்டு நரம்புல முறுக்கினது. கைல இருந்த ஒரே மாத்துக் கம்பியப் போட்டேன். காத்தால அதுவும் அறுந்துடுச்சு. மொதக் கம்பி அறுந்தப்பவே மெட்ராசுக்குத் தந்தி அடிச்சுக் கேட்டாச்சு, எங்கயும் இல்ல. பிரான்சிலேர்ந்து கப்பல்ல வர ஒரு மாசம் ஆவும்.”

“யாரச் சந்தேகப்படற?”

“எங்க அத்தைய.” சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் போவக் கூடாதுன்னு அவங்களுக்கு. நான் வாசிக்க உக்காந்தாலே, மாடு கத்துற மாதிரி இருக்குதுன்னு சமையல்கட்டுல பாத்திரத்தப் போட்டு உருட்டுவாங்க.”

முத்தலிப் ஆறாவது பலகையை எடுக்காமலே விட்டார். கழற்றிய ஐந்தையும் திரும்ப மாட்டினார். மண்ணாங்கட்டிக்கு அழுகை வராத குறை.

ரெட்டியார்பாளையத்து வீட்டில் அவர்கள் போய் இறங்கும்போது மணி மூன்றரை. சுலோசனாவின் அப்பா ஜானகிராமன் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் வர ஐந்தாகும். தாயில்லாத சுலோசனாவை வளர்த்தது அவருடைய அக்கா அஞ்சலாட்சி. கதவைத் திறந்த அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெறும் நெற்றி, இறுக்கி முடிந்த கொண்டை, சிரித்துப் பழகாத வாய். இடது கை விரல் நுனிகளில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

“கையில என்னாம்மா?” என்று முத்தலிப் மரியாதையாக விசாரித்தார்.

“சோத்துப் பானைய இறக்கறப்ப சுட்டுக்கிச்சு” என்றாள் அவள், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு. “இந்தப் பொண்ணு கூப்பிட்டாளா உங்கள? கம்பி அறுந்ததுக்கெல்லாமா பஞ்சாயத்து வெப்பாங்க?”

செல்லோ கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தது. அறுந்த நரம்பு சுருண்டு கழுத்தோரம் நின்றது. பக்கத்தில் சுலோசனா வாசிக்கும் நாற்காலி. முத்தலிப் கடிகாரக் கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்க்கத் தொடங்கினார். நாற்காலிக்கு முன்னால் செங்கல் தரையில் மாவு தூவியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

“வில்லுல தேய்க்கிற பிசினுங்க அது. வாசிக்கறப்ப உதிரும்” என்றாள் சுலோசனா.

முத்தலிப் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவரருகே போனார். அங்கே சுவருக்கும் நெல் குதிருக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி உட்காரத்தான் இடம். அங்கேயும் அதே வெள்ளைப் பொடி.

“இங்க நாற்காலி போட்டு வாசிச்சியாம்மா?”

“அங்க நாற்காலி நுழையாதுங்களே!”

அப்போது மாடிப்படியில் கட்டைக்கால் ஊன்றுவது போல ஒரு சத்தம் கேட்டது. மாடியில் குடியிருக்கும் கோவிந்தசாமி, விறைத்த வலது முழங்காலை மடக்க முடியாமல், பக்கவாட்டில் இறங்கி வந்தார். பஞ்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். மெஷினில் மாட்டியதிலிருந்து அந்தக் கால் நீட்டினபடியே இருக்கிறது. வந்தவர் நேராக நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

“கம்பி அறுந்துடுச்சாமே? தேவலை” என்றார். “பகல்லதான் எனக்குத் தூக்கம். காத்தால பூரா கர்ர் கர்ர்னு ஒரே இழுப்பு. ஆனா நியாயத்தச் சொல்லணும், பாய். மூணு மணிக்கு வாசிக்குதே, அது பரவாயில்ல. சன்னமா இருக்கும். அப்பத்தான் கொஞ்சம் கண் அசருது.”

“மூணு மணிக்கு நான் வீட்லயே இருக்கறதில்லையே!” என்றாள் சுலோசனா எரிச்சலோடு.

“அப்ப நான் கனவா கண்டேன்?”

மண்ணாங்கட்டிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. முத்தலிப்பை வாசலுக்கு இழுத்துப்போனார். “பாய், இந்த ஆளுதான்! தூக்கம் கெட்டுப்போவுதுன்னு கம்பிய இறக்கி விட்டிருக்கான். மூணு மணிக் கதையெல்லாம் சும்மா. புடிச்சிடலாமா?”

“புடிச்சு என்னா பண்றது? அவரால ஓடக் கூட முடியாது” என்றார் முத்தலிப். “மண்ணாங்கட்டி, உங்க பஜனை மடத்துல வயலின் வாசிக்கிறவர் ஒருத்தர் உண்டு இல்ல?”

“இருக்கார். அவரு ஏம்பலத்துக்காரரு. இந்தப் பக்கமே வரமாட்டாரு.”

“அவர நான் கேக்கல. ஜானகிராமன் வரட்டும்.”

அந்த ஒன்றரை மணி நேரம் மண்ணாங்கட்டிக்கு ஒரு வாரமாக நீண்டது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சைக்கிள் மணியை இரண்டு தடவை துடைத்தார். உள்ளே சுலோசனா அறுந்த கம்பியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஒருநாள் போய்விட்டது, இன்னும் இரண்டே நாள் என்ற கணக்கு அவள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜானகிராமன் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். கோவிந்தசாமி நாற்காலியில் இருந்தார். அஞ்சலாட்சி சமையல்கட்டு நிலையைப் பிடித்தபடி நின்றாள். முத்தலிப் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“இதக் காத்து செய்யல. காத்துக்கு நாலு கம்பியும் ஒண்ணுதான். ரெண்ட மட்டும் பொறுக்கி எடுத்து, பத்து நாளும் ஒரே இடத்துல கொண்டுவந்து நிறுத்தாது. பகையாளி செஞ்சதாவும் தெரியல. கெடுக்க வந்தவன் கத்திரிக்கோலு எடுப்பான். வில்லத் தளர்த்திப் பத்திரமா வெச்சுட்டுப் போவ மாட்டான்.”

“அப்ப?” என்றார் ஜானகிராமன்.

“வில்லு பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் தினமும் இத வாசிச்சிருக்காங்க. எங்க உக்காந்து? அதோ, சுவரோரம். அங்க நாற்காலி நுழையாது. ஆனா பிசின் பொடி உதிர்ந்து கிடக்குது. தரையில சப்பணம் போட்டு உக்காந்து வாசிச்சிருக்காங்க.” அவர் கோவிந்தசாமியின் நீட்டிய காலைப் பார்த்தார். “மாடிக்காரரால அது முடியாது. அவரு சொன்ன மூணு மணி வாசிப்பு கனவும் இல்ல. சுலோசனா வாசிக்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் அவரு காதுக்கே தெரிஞ்சிருக்குது.”

கோவிந்தசாமி மண்ணாங்கட்டியை ஒரு பார்வை பார்த்தார். மண்ணாங்கட்டி கூரையைப் பார்த்தார்.

“இப்ப நீங்க பாடுங்க, மண்ணாங்கட்டி. உங்க பஜனை வயலின்காரரு கச்சேரிக்கு முன்னாடி சுருதி கூட்டுவாரே, நாலு கம்பியும் எப்படி நிக்கும்?”

மண்ணாங்கட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். “கீழ ச... ப... மேல ச... ப...” பாடிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். மத்தியானம் கடையில் சுலோசனா பாடிய தோ, சொல், தோ, சொல் அதேதான்! மார்கழி முழுக்கக் காதில் விழுந்ததைக் கண்டுகொள்ளாமல் போனோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“நம்ம ஊரு வயலின்ல ஜோடி ஜோடியாத்தான் கூட்டுவாங்க. வெள்ளைக்காரங்க முறை வேற” என்றார் முத்தலிப். “நம்ம முறையில படிச்ச காதுக்கு இந்தச் செல்லோ எப்படிக் கேட்டிருக்கும்? தடிச்ச ரெண்டும் ச, ப. சரியா இருக்குது. மேல ரெண்டும் ஒரு சுரம் ஏறிப் போயி ரி, த-ன்னு நிக்குது. கலைஞ்சு போச்சுன்னுதான் தோணும். பெத்த பொண்ணு மாதிரி வளர்த்ததோட வாத்தியமாச்சே, சரி பண்ணி வெச்சிருக்காங்க. சுலோசனா வந்து அதக் கலைஞ்சதுன்னு நெனச்சு ஏத்தியிருக்குது. இப்படி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒருத்தர ஒருத்தர் திருத்தினதுலதான் நரம்பு அறுந்துச்சு. இதுல ஒருத்தர் மேலயும் குத்தம் இல்ல.”

முத்தலிப் சமையல்கட்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “சோத்துப் பானைய இறக்கறப்ப ரெண்டு கையாலயும் பிடிக்கணும். கட்டைவிரல் இல்லாம பிடிக்க முடியாது. அஞ்சலாட்சியம்மாவுக்கு வலது கையில ஒண்ணுமில்ல. இடது கையில நாலு விரல் நுனியில மட்டும் கொப்புளம். கட்டைவிரல் நல்லாருக்குது. பல வருஷம் கழிச்சுக் கம்பி அழுத்தின விரலு அப்படித்தான் ஆவும்.”

அஞ்சலாட்சி நிலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏழு வயசிலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் படிச்சேன்” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “கல்யாணத்தன்னிக்கு வயலின எடுத்துகினு போனேன். மாமியாக்காரி பரண் மேல ஏத்தி வெச்சிட்டாங்க. அவரு போய்ச் சேர்ந்தப்புறம் இறக்கிப் பார்த்தேன், கரையான் தின்னு வெறும் கம்பிதான் மிச்சம். இனிமே தொடறதில்லன்னு இருந்தேன். பத்து நாளைக்கு முன்ன தூசி துடைக்கப் போயி விரல் பட்டுடுச்சு.” அவள் சுலோசனாவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “சத்தியமா சொல்றேன், கலைஞ்சு கிடக்குதேன்னுதாண்டி சரி பண்ணேன். கம்பி சரியா இல்லாததாலதான் உன் வாசிப்பு எனக்குப் பிடிபட மாட்டேங்குதுன்னு நெனச்சேன்.”

“அக்கா, சின்ன வயசுல நீ வாசிச்சது எனக்கு ஞாபகம் இருக்குது. நான்தான் கேக்கவே இல்ல” என்றார் ஜானகிராமன்.

சுலோசனாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தை! நான் உங்கள என்னென்னவோ நெனச்சுட்டேன். இப்ப கம்பிக்கு எங்க போவேன்?”

யார் செய்தது என்பதைத்தான் முத்தலிப் கண்டுபிடிப்பார். இல்லாத கம்பியை அவரால் உண்டாக்க முடியாது. திங்கட்கிழமை பரீட்சையில் தாமே தோற்றுவிட்டது போலிருந்தது மண்ணாங்கட்டிக்கு.

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அறுந்த நரம்பை எடுத்து நீளம் பார்த்தாள். “வயலின் கம்பி இதுக்கு எட்டாது. வீணைக்கு முதல் கம்பியா போடற சாரணி எட்டும். எஃகுக் கம்பி. லேசுல அறுவாது. கோயில் தெருவுல செல்வாம்பாள் வீணை சொல்லிக் குடுக்குது. அது வீட்ல சுருள் சுருளா வெச்சிருக்கும்.”

“வீணைக் கம்பியா? செல்லோவிலயா?” என்று திகைத்தாள் சுலோசனா. உடனே அவள் விரல்கள் மடியில் ஓடத் தொடங்கின. “அங்க சில பேரு லா கம்பிக்கு எஃகு போடறதுண்டு... அத்தை, நிக்கும்!”

மண்ணாங்கட்டி அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தார். கோயில் தெரு போய்த் திரும்ப அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தை கம்பி முனையில் வளையம் முறுக்கிக் கொடுத்தாள். மருமகள் கம்பியை முறுக்கும் பிருடையைச் சுற்றினாள். எஃகு கீச்சென்று ஏறி, லாவில் போய் நின்றது. கோவிந்தசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அன்று ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, “சனி ஞாயிறு ரெண்டு நாளும் நான் வில்லியனூர்ல தங்கச்சி வீட்ல தூங்கிக்கிறேன். நீ வாசி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை அவள் வாசித்தாள். பரீட்சகர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு சைகோனுக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஐந்து வாரம் மண்ணாங்கட்டி ஒவ்வொரு காலையிலும் தபால் கட்டை எல்லோருக்கும் முன்னால் பிரித்தார்.

பிரெஞ்சுத் தபால்தலையோடு உறை வந்த அன்று முத்தலிப்பையும் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனார். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே செல்லோ கேட்டது. மண்ணாங்கட்டி கையைத் தூக்கி முத்தலிப்பை நிறுத்தினார். “பாய், வாசிக்கறது பொண்ணு இல்ல, அத்தை. கம்பி ச, ப, ச, ப-ல நிக்குது” என்றார். ஐந்தாவது விவகாரத்தில் அவர் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார். முத்தலிப் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அஞ்சலாட்சி சுவரோரம் தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். சுலோசனா பக்கத்தில் பாயில் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உறையைக் கண்டதும் எழுந்து, ஓரத்தைக் கிழித்தாள். ஒரே பக்கம். படித்துவிட்டு அத்தையைப் பார்த்தாள்.

“எப்ப போவணும்?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

“அடுத்த மாசம் மொத வாரம் அங்க இருக்கணும், அத்தை. பத்து நாள்ல கப்பல் ஏறணும்.”

செல்லோவும் கூடவே கப்பல் ஏறும் என்பதை யாரும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள். வில்லின் திருகை எண்ணி மூன்று சுற்றுத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு செல்லோவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மேல் கம்பிகள் இரண்டையும் விரலால் தட்டித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டபடி, பிருடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். சட்ஜமத்திலிருந்து ஒன்றும் பஞ்சமத்திலிருந்து ஒன்றுமாக இரண்டும் ஒரு சுரம் மேலே ஏறி நின்றன.

“பார்த்துக்க” என்று வாத்தியத்தை நீட்டினாள்.

சுலோசனா நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.